வென்றவன் பந்தியும் கவிழ்ந்த பானையும்: பொருநராற்றுப்படை வாசிப்புக் குறித்து

பாயான் லெப்பாசில் தமிழாசிரியர் சிலருடன் அண்மையில் பொருநராற்றுப்படையை வாசித்தோம். கரிகாலன் அளித்த விருந்தைக் கூறும் பகுதி முடிந்ததும் ஓர் ஆசிரியை, “இதனைத் திருக்குறளின் விருந்தோம்பலோடு சேர்த்துத்தானே கற்பிக்கிறோம்?” என்றார். அவ்வாறுதான் கற்பித்து வருகிறோம். அது பொருந்துமா என்பதே ஈண்டு நம் வினா.

முடத்தாமக்கண்ணியார் பாடிய 248 அடிகளுள் விருந்துப் பகுதி மிக நுட்பமானது. ஈரும் பேனும் குடிகொண்ட கந்தலுடன் வந்த பொருநன், அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் தொடைக்கறியையும் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனையும் உண்கிறான். சூடு தாளாமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்குகிறான். பகலும் இரவும் ஊன் தின்றதால், கொல்லை உழுத கொழுவினைப்போலத் தன் பற்கள் மழுங்கின என்கிறான். பசித்தவனின் உடம்பை அறிந்து பாடப்பட்ட அடிகள் இவை. இவற்றிலுள்ள நகைச்சுவையை வகுப்பறையில் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

ஆயின், பொருநன் உண்ட விருந்துக்கும் அவனால் ஆற்றுப்படுத்தப்படுவோன் பெறவிருக்கும் தேருக்கும் இடையில் புலவர் வைத்திருப்பது வெண்ணிப் போராகும். சேர பாண்டியர் இருவரும் ஒரே களத்தில் அவிந்த செய்தி அங்குதான் வருகிறது. ஏழடி பின்சென்று வழியனுப்பும் மன்னனின் பண்பு அதன் பின்னரே கூறப்படுகிறது. இல்லறத்தானின் வாயிலில் வந்து நிற்கும் விருந்தினனுக்கும் இதற்கும் உள்ள உறவு மிகக் குறைவு. இது வென்றவன் இட்ட பந்தி.

இத்தகைய பந்திக்கு உலகறிந்த சான்று, அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் கல்வெட்டு. 1951இல் மாலோவனின் அகழாய்வில் கிடைத்த இக்கல், கி.மு. 879 அளவில் கல்கு நகரில் புதிய அரண்மனையைத் திறந்தபோது நிகழ்ந்த விருந்தைக் கூறுகிறது. பத்து நாள், 69,574 பேர், 10,000 குடம் பார்லி மது, 10,000 தோற்பை திராட்சை மது. வென்ற நாடுகளிலிருந்து கொணர்ந்து அந்நகரில் குடியேற்றிய மக்களைப் பற்றியும் அதே கல் பேசுகிறது. கணக்கில் குறைவில்லை. ஆனால் பேசுபவன் மன்னன் ஒருவனே. உண்டவர் எவருடைய குரலும் அதில் இல்லை. நம் பாட்டிலோ எண்ணிக்கை இல்லை, உண்டவன் பேசுகிறான். இதனைக் கொண்டு தமிழ் மரபின் உயர்வை முழங்கிவிடுவது எளிது. உண்டவன் நாவும் மன்னனுக்குக் கடன்பட்டதே என்பதை மறத்தலாகாது.

வேறுபாட்டை நாம் காண்பது பிறிதோரிடத்தில். கரிகாலனோடு பொருது, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைக் கழாத்தலையார் பாடியது புறநானூற்றின் 65ஆம் பாட்டு. களம் வெண்ணி என்பதை மாமூலனாரின் அகநானூற்றுப் பாட்டு (55) உறுதிசெய்கிறது. இருவேந்தரும் களத்திலேயே அவிந்தனர் என்னும் பொருநன் கூற்றோடு இது முற்றும் ஒத்துவராது. பரிசில் பெற்றவன் சொல்லும் போர்ச்செய்தி அப்படித்தான் இருக்கும். கழாத்தலையார் காட்டுவது தோற்றவன் நாட்டின் அடுக்களை. பெரும்பானை கவிழ்ந்து நெய்யற்றுக் கிடக்கிறது. சுற்றத்தார் கள்ளை மறந்தனர். முழவும் யாழும் ஓய்ந்தன. உழவர் ஓசை அடங்கிற்று. சிற்றூர்களில் விழாவும் இல்லை. ஒரே போரின் ஒருபுறம் பல் மழுங்க உண்ணும் பொருநன். மறுபுறம் உண்ணாது உயிர்விடும் வேந்தன். அசீரியக் கல்லில் இந்த மறுபுறத்திற்கு இடமில்லை. தமிழ்த் தொகை அதனையும் காத்து வைத்திருக்கிறது.

ஆதலின் பொருநராற்றுப்படையின் விருந்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அதே வாரத்தில் புறம் 65ஐயும் கற்பித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நேரமிருப்பின் 66ஐயும் சேர்க்கலாம். அதனைப் பாடியவர் வெண்ணிக்குயத்தியார். பெயரே போர் நிகழ்ந்த ஊரையும் பானை வனையும் குடியையும் சுட்டுகிறது. வென்ற கரிகாலனை முன்னிறுத்தி, வடக்கிருந்தவன் நின்னினும் நல்லன் அல்லனோ என்று அவர் வினவுகிறார்.