விற்பனைக்கு வந்த விடுதலை

1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள். ஈஸ்டர் திருநாள். நியூயார்க் மாநகரின் ஐந்தாம் அவென்யூவில் சீமான்களும் சீமாட்டிகளும் புத்தாடை பூண்டு பவனி வருகின்றனர். அக்கூட்டத்தின் நடுவே இளமங்கையர் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகை விடுகின்றனர். பெண் தெருவில் புகைப்பதா என்று ஊரார் முகம் சுளித்த காலம் அது. நாளேடுகள் அதனைச் செய்தியாக்கின. அந்தச் சிகரெட்டுகளுக்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'விடுதலைத் தீப்பந்தங்கள்'!

அடிமை விலங்கொடிக்க அணங்குகள் ஆர்த்தெழுந்தனர் என்றே எண்ணத் தோன்றும். திரையை விலக்குங்கள், பின்னே நிற்பவர் எட்வர்ட் பெர்னேஸ். உளநூல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டின் தங்கை மகன். அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியிடம் ஊதியம் பெற்றவர். பெண்கள் வெளியிலும் புகைக்கத் தொடங்கினால் வாணிபம் வளரும் என்பது கம்பெனித் தலைவரின் கணக்கு. தீப்பந்தம் என்ற கருத்தை ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் கேட்டுப் பெற்றார் பெர்னேஸ். தாமாக வந்தவர்போல் தோன்றிய மங்கையரைத் திரட்டும் ஏற்பாடு, அவர் அலுவலகத்தில் நடந்தது.

அப்பெண்களின் விடுதலை வேட்கை பொய்யா? அன்று! பால் வேற்றுமை காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று அந்நாட்டு அரசியல் சட்டம் திருத்தப்பட்டதே 1920இல்தான். வேட்கை மெய், அதனால்தான் அது விலைபோயிற்று. இல்லாத பசிக்கு எவரும் கடை விரிப்பதில்லை. உரிமைப் பசியோடு வந்தவளுக்கு, உரிமையைக் காட்டிப் புகையைப் புகட்டினர் என்பதே நம் குற்றச்சாட்டு.

1964இல், புகை நுரையீரலைப் புற்றாக்கும் என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை தந்தார். நான்கே ஆண்டுகளில், 1968இல், பிலிப் மாரிஸ் கம்பெனி 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்ற சிகரெட்டைப் பெண்களுக்கென்றே இறக்கியது. பாட்டி காலத்துப் பெண் ஒளிந்து புகைத்து அகப்பட்டுக்கொள்வதை விளம்பரம் காட்டும். அருகிலே நாகரிக நங்கை நிமிர்ந்து நின்று புகைப்பாள். நெடுந்தொலைவு வந்துவிட்டாய் பெண்ணே என்று பாராட்டும். வந்தாள், எங்கு வந்து சேர்ந்தாள்? 1987இல், அந்நாட்டுப் பெண்களை மாய்த்த புற்றுநோய்களுள் நுரையீரல் புற்று, மார்பகப் புற்றையும் முந்தி முதலிடம் பிடித்தது. விளம்பரம் சொல்லாமல் விட்ட தொலைவு அது!

புகையோடு முடியவில்லை இந்தப் புரட்டு. 1984இல் ஆப்பிள் கம்பெனி ஒரு தொலைக்காட்சி விளம்பரம் தந்தது. ஒரே கோலத்தில் மந்தையாய் அமர்ந்திருக்கும் மக்கள். திரையிலே ஆணையிடும் முகம். ஒரு வீராங்கனை ஓடிவந்து சுத்தியலை வீசித் திரையைத் தகர்க்கிறாள். எதற்கு? மெக்கின்டாஷ் கணிப்பொறி விற்க! கலை அழகு உண்டு, மறுக்கவில்லை. கணிப்பொறியும் பயனுள்ளதே. ஆயின், 'நீ மந்தையல்லன், தனியொருவன்' என்னும் ஒரே சொல்லை ஒரே நாளில் கோடிப் பேர் செவியில் ஓதி, அனைவரையும் ஒரே கடை வாயிலுக்கு அழைப்பதற்குப் பெயர் தனித்தன்மையா?

2017 ஏப்ரலில் பெப்சி கம்பெனி இன்னும் ஒருபடி மேலே சென்றது. இளைஞர் ஊர்வலம், எதிரே போலீசார், அழகி ஒருத்தி குளிர்பானத்தை நீட்டுகிறாள், காவலர் பருகுகிறார், கூட்டம் களிக்கிறது! கறுப்பின மக்கள் போலீசாரின் கொடுமையை எதிர்த்துத் தெருவில் நின்ற நாட்கள் அவை. கண்டனம் வெடித்தது, மறுநாளே கம்பெனி மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது.

அதே அமெரிக்காவில் 1955 டிசம்பர் முதல் நாள், மாண்ட்காமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதானார், தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ். கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். 381 நாட்கள்! கால் கடுக்க நடந்தனர், கார்களைப் பகிர்ந்துகொண்டனர். பேருந்துக் கம்பெனி வருவாய் இழந்தது; தலைவர்கள் சிறை கண்டனர்; மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தில் குண்டு வீசப்பட்டது. உச்சநீதிமன்றத் தீர்ப்பும் துணைநிற்க, 1956 டிசம்பரில் பேருந்தில் இனப் பாகுபாடு ஒழிந்தது. அந்தக் கிளர்ச்சியில் எவரும் எதையும் வாங்கவில்லை, பயணச்சீட்டைக்கூட!

தோழர்களே! பொருள் வாங்குவது குற்றமன்று. பிடித்த சட்டையை உடுத்துங்கள். ஆனால் 'இதை வாங்கு, நீ புரட்சிக்காரன்' என்று எவரேனும் சொன்னால், சாமியாரிடம் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேளுங்கள்: இதனால் ஆதாயம் யாருக்கு? இழப்பு யாருக்கு? ஆதிக்கக்காரன் எதையும் இழக்காத புரட்சி, கடைக்காரனின் சரக்கு. அதற்கு விலை உண்டு, விளைவு இல்லை.