சாட்சியை ஆராயாமல் ஏற்கலாமா?

நெடுங்காலமாக நம் மேடைகளிலும் இதழ்களிலும் ஓர் எண் உலா வந்துகொண்டிருக்கிறது. உயிர் தற்செயலாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு, 1-க்குப் பின் 40,000 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குதான் என்பதே அது. பழைய இரும்புக் கிடங்கில் வீசும் சூறாவளி ஒரு போயிங் 747 விமானத்தைக் கோத்துத் தருமா என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வரும். வீரபாண்டியில் நாம் கலந்துகொண்ட ஒரு கூட்டத்திலும் இவ்விரண்டும் சொல்லப்பட்டன, அவையினர் மகிழ்ந்தனர். கூட்டம் கலைந்த பின், பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இந்தக் கணக்கைப் போட்டவர் யாருங்க?" என்று கேட்டார். மேடையில் எவரும் சொல்லாத விடயம் அது.

கணக்கைப் போட்டவர்கள் இருவர். ஒருவர் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில். மற்றவர், கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் அவரிடம் பயின்று, கார்டிஃபில் பேராசிரியரான சந்திரா விக்கிரமசிங்க. இருவரும் சேர்ந்து 1981-இல் வெளியிட்ட 'விண்வெளியிலிருந்து பரிணாமம்' என்னும் நூலில் இந்த வாதம் இடம்பெற்றது. ஓர் உயிரணுவுக்கு ஏறத்தாழ 2,000 நொதிகள் வேண்டும். ஒவ்வொன்றும் தற்செயலாகச் சரியாக அமைய வாய்ப்பு 10-இன் 20-ஆம் அடுக்கில் ஒன்று. எனவே அனைத்தும் அமைய 10-இன் 40,000-ஆம் அடுக்கில் ஒன்று என்பது அவர்களின் கணக்கு.

பெருக்கலில் பிழை இல்லை. எதைப் பெருக்குவது என்பதில்தான் பிழை. 2,000 நொதிகளும் ஒரே வீச்சில், முன்னும் பின்னும் தொடர்பின்றி அமைய வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டனர். உயிரின் தோற்றத்தை ஆராய்வோர் எவரும் அப்படிச் சொல்வதில்லை. எளிய மூலக்கூறுகள், அவற்றில் நிலைப்பவை, தம்மைப் படியெடுப்பவை எனப் படிகளையே அவர்கள் தேடுகின்றனர். கேள்வி கேட்ட இளைஞருக்கு இதை அவர் தொழிலைக் கொண்டே விளக்கினோம். ஒரு கிலோ நூலை உதறிவிட்டு, அது தானே துணியாக விழும் வாய்ப்பைக் கணக்கிட்டால் எத்தனை சுழியம் வேண்டுமானாலும் வரும். ஆனால் மெஷினில் ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியைப் பற்றிக்கொண்டே எழுகிறது. மெஷினை அமைத்தவர் யார் என்பது வேறு கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. உதறிய நூலின் கணக்கு அதற்கு விடையாகாது.

இனி, சாட்சிகளின் நிலையைப் பார்ப்போம். பிரபஞ்சத்திற்குத் தொடக்கமே இல்லை என்று 1948 முதல் வாதிட்டவர் ஹாயில். பெருவெடிப்பு என்ற பெயரை 1949-இல் வானொலி உரையொன்றில் சூட்டியவரும் அவரே. அக்கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. திருமறையில் பெருவெடிப்பைக் காணும் நம் பேச்சாளர்கள், அதே மூச்சில் ஹாயிலையும் சாட்சிக்கு அழைக்கின்றனர்! விக்கிரமசிங்க 1981-இல் அமெரிக்காவின் அர்க்கன்சா வழக்கில் படைப்புவாதச் சட்டத்தின் தரப்பில் சாட்சி சொன்னார். ஆனால் பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு என்று அறிவுள்ள அறிவியலாளர் எவரும் நம்பமாட்டார் என்றும் அங்கேயே கூறி, தம்மை அழைத்தவர்களையே திகைக்க வைத்தார்.

2001-இல் கேரளத்தில் பெய்த செந்நிற மழையில் விண்ணுயிர் இருக்கக்கூடும் என்ற கருத்தை விக்கிரமசிங்க ஆதரித்தார். அதே ஆண்டின் அரசு ஆய்வறிக்கையோ அது ஒருவகைப் பாசியின் வித்துகள் என்றது. 2012 டிசம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் நுண்பாசிகளைக் கண்டதாக அவர் குழு அறிவித்தது. அவை பூமியின் நன்னீரில் வாழும் இனங்களே என்று துறை வல்லுநர் மறுத்தனர்.

இதே தேடலில் நிதானம் காத்தவர்களும் நம் பகுதியினரே. காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின் வேதியியலாளரான சிரில் பொன்னம்பெரும அவர்களில் ஒருவர். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அவர் குழு அமினோ அமிலங்களைக் கண்டு 1970-இல் வெளியிட்டது. 'தொட்டவர் கையின் அழுக்காக இருக்கலாமே' என்ற ஐயத்தை அவர்களே எழுப்பிக்கொண்டனர். பூமியின் உயிர்கள் புரதங்களுக்குப் பெரும்பாலும் இடக்கை வடிவ அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன. கல்லிலோ இடமும் வலமும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. எனவே அவை விண்ணிலிருந்து வந்தவை என்றனர். உயிர் வந்தது என்று சொல்லவில்லை. இஸ்ரோவும் 2005-இல் ஐதராபாதிலிருந்து பலூன் அனுப்பி, 20 முதல் 41 கிலோமீட்டர் உயரக் காற்றில் மூன்று புதிய நுண்ணுயிரினங்களைக் கண்டது. ஒன்றுக்கு ஹாயிலின் பெயரையே சூட்டியது. ஆயினும் 2009-இல் அதை அறிவிக்கையில், அவை விண்ணிலிருந்து வந்தவை என்பது இதனால் உறுதியாகவில்லை என்றும் சேர்த்தே சொன்னது.

இந்த நிதானம் நமக்குப் புதிதன்று. அறிவிப்பாளரைக் குறை நிறை கண்டு எடைபோடும் ஜரஹ், தஃதீல் கலையை மத்ரஸாக்களில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். திருக்குர்ஆன் ஓதுதலின் சிறப்பை மக்கள் உணரட்டும் என்ற நல்லெண்ணத்தில் புனையப்பட்ட செய்திகளையும் ஹதீஸ் கலை மேதைகள் தயவின்றித் தள்ளினர். நோக்கம் நல்லது என்பதற்காக அறிவிப்பு சரியாகிவிடாது என்பது அவர்களின் விதி. ஹதீஸில் அத்தனை கண்டிப்புக் காட்டும் நாம், நமக்குச் சாதகமான ஓர் எண் கிடைத்ததும் அதன் அறிவிப்பாளர் யாரென்றும் கேட்பதில்லை.

உயிரற்ற பொருள்களிலிருந்து உயிரணுவை எந்த ஆய்வுக்கூடமும் இதுவரை உருவாக்கவில்லை. இதைச் சொல்ல 40,000 சுழியங்கள் வேண்டாம். நாளை அப்படியொன்று உருவானால், அந்த எண்ணின் மீது ஈமானைக் கட்டிய இளைஞரின் நிலை என்னவாகும்? வேற்றுலகில் உயிர் கண்டாலும் நாம் கலங்க வேண்டியதில்லை. வானங்களிலும் பூமியிலும் பரப்பப்பட்ட உயிரினங்களைப் பேசும் 42:29 வசனத்துக்கு உரையெழுதிய இமாம் ஸமக்ஷரீ (இறப்பு: கி.பி. 1144), வானங்களில் நடமாடும் உயிர்கள் இருப்பதும் சாத்தியமே என்று கருதினார். அவரிடம் தொலைநோக்கி இல்லை, அச்சமும் இல்லை.

கணக்கைப் போட்டவர் யார் என்று அந்த இளைஞர் கேட்டது நம்பிக்கைக் குறைவினால் அன்று. அது நம் முன்னோரின் கேள்வி. அதை அவர் நம்மிடம் கேட்கும் நிலை வந்ததற்கு நாமே வெட்கப்பட வேண்டும்.