லூதியானாவில் ஜெயித்த காரியாபட்டி

2025 மே 24 அன்று லிஸ்பனில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அர்செனல் பெண்கள் அணி பார்சிலோனாவை 1-0 என்று வீழ்த்தியதிலிருந்து, நம் கால்பந்துப் பேச்சில் ஒரு பழைய வாதம் புதுத் தெம்போடு உலவுகிறது. நாக்-அவுட்தான் நிஜமான கால்பந்து, லீக் என்பது பணக்கார அணிகள் தங்கள் தோல்விகளுக்கு எடுத்துவைத்துக்கொள்ளும் காப்பீடு என்பது அந்த வாதம். சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டத்தை ஆண்களுக்கு 36 அணிகளும் பெண்களுக்கு 18 அணிகளும் கொண்ட நீண்ட லீக்காக ஐரோப்பா மாற்றிவிட்ட வருத்தமும் இதில் சேர்ந்துகொள்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் இந்த வாதத்துக்கு உள்ளூர்ச் சாட்சி ஒன்றும் கிடைத்திருக்கிறது. காரியாபட்டி அருகே புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியின் பெயரைத் தாங்கிய சேது எஃப்.சி., 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. பெயர் லீக் என்றாலும் நடந்தது இரண்டு பிரிவு, அரையிறுதி, இறுதி என்ற நாக்-அவுட்தான். வருஷம் முழுக்க ஆடும் லீக்காக இருந்திருந்தால் இந்தச் சின்ன அணி ஜெயித்திருக்குமா என்று கேட்கிறார்கள்.

அர்செனலையும் சேதுவையும் கூண்டில் ஏற்றி விசாரித்தால் இரண்டு சாட்சியும் பல்டி அடிக்கும் என்பது என் கட்சி.

நாக்-அவுட்டின் நல்ல குணங்களை யாரும் மறுக்கவில்லை. செலவு குறைவு, நாள் குறைவு, கடைசி விசில் வரை முடிவு தெரியாது. சாத்தூர், திருத்தங்கல், அருப்புக்கோட்டைப் பக்கம் சனிக்கிழமை இரவு மின்னொளியில் தொடங்கி ஞாயிறு பொழுது சாய்வதற்குள் கோப்பையைக் கொடுத்து முடிக்கிற கபடி, வாலிபால், டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட்கள் எல்லாம் இந்த வழியில்தான் நடக்கின்றன. நுழைவுக் கட்டணம் கட்டி வரும் அத்தனை டீமுக்கும் லீக் நடத்த எந்த இளைஞர் மன்றத்தாலும் ஆகாது. ஒரு மாலைப் பொழுதில் எளியவன் வலியவனைச் சாய்த்துவிடலாம் என்ற நப்பாசையும் விளையாட்டுக்குத் தேவைதான். இவ்வளவையும் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

இனி அர்செனல். 2024-25 பருவத்தில் அவர்கள் தகுதிச் சுற்றிலிருந்தே ஏறி வர வேண்டியிருந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் ஸ்வீடனின் ஹேக்கன் அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-1 என்று தோற்றார்கள். சொந்த மைதானத்துக்குத் திரும்பி 4-0 என்று ஈடுகட்டினார்கள். குரூப் சுற்றின் முதல் மேட்சில் பேயர்ன் மியூனிக்கிடம் 2-5 என்று உதை. சில நாளில் பயிற்சியாளர் யோனாஸ் ஐடெவால் விலகினார், ரெனே ஸ்லெகர்ஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். காலிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 0-2 என்று தோற்று வந்து, எமிரேட்ஸ் மைதானத்தில் 3-0 என்று வென்றார்கள். அரையிறுதியில் லியோனிடம் சொந்த மண்ணிலேயே 1-2 தோல்வி. அங்கே போய் 4-1. ஆக, இரண்டு ஆட்டமாக நடந்த மூன்று கட்டங்களிலும் முதல் ஆட்டத்தில் தோற்ற அணி இது. ‘தோத்தா மூட்டையக் கட்டு’ என்ற நம் ஊர்ச் சட்டம் அங்கே இருந்திருந்தால், அர்செனல் செப்டம்பரிலேயே ஊர் திரும்பி லிஸ்பன் இறுதிப் போட்டியை டிவியில் பார்த்திருக்கும். அந்தக் கோப்பையை நாக்-அவுட்டின் பெருமைக்குச் சான்றாக நீட்டுகிறவர்கள் ஸ்கோர் அட்டையின் கடைசி வரியை மட்டும் படித்தவர்கள்.

நாம் கொண்டாடும் ஐரோப்பிய நாக்-அவுட்டின் பிறவிக் குணமே வேறு. பிரெஞ்சுப் பத்திரிகையான லெகிப்பும் அதன் ஆசிரியர் கப்ரியேல் ஹனோவும் பிடிவாதமாக நின்று 1955-56இல் தொடங்கவைத்த ஐரோப்பியக் கோப்பையில் 16 அணிகள் ஆடின. இறுதியைத் தவிர ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஆட்டம்: ஒன்று உன் ஊரில், ஒன்று என் ஊரில். பாரிஸில் ரெய்ம்ஸ் அணியை 4-3 என்று வென்று ரியல் மாட்ரிட் கோப்பையைத் தூக்கியதைத்தான் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. ஆனால் முதல் சுற்றிலேயே வெளியேறிய பல அணிகளின் ஊர்க்காரர்களும் ஓர் அயல்நாட்டு அணியைக் கண்ணால் பார்த்தார்கள். டிக்கெட் வருமானம் அந்த ஊர்க் கிளப்புக்குப் போனது. தோற்றுப்போகும் அணியின் ஊருக்கும் ஒரு நாள் உண்டு என்பதுதான் அங்கே நாக்-அவுட்டைத் தாங்கிப் பிடித்த தூண்.

பெண்கள் போட்டியில் இதற்கு இன்னும் பொருத்தமான உதாரணம் ஸ்வீடனின் வடக்கே இருக்கும் உமெயோ. தலைநகரும் இல்லை, தொழில் நகரும் இல்லை. ஒரு பல்கலைக்கழக ஊர். 2003லும் 2004லும் ஐரோப்பியப் பெண்கள் கோப்பையை அது வென்றது. 2003 இறுதி இரண்டு ஆட்டமாக நடந்தது, முதலாவது உமெயோவிலேயே. டென்மார்க்கின் ஃபோர்ச்சுனா யோரிங்கை 4-1 என்று வென்றதை அந்த ஊர் தன் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தது. மறு வருஷம் பிரேசிலிலிருந்து மார்த்தா என்ற பதினெட்டு வயதுப் பெண் அங்கே வந்து இறங்கினார். பின்னாளில் உலகின் சிறந்த வீராங்கனை என்று பெயரெடுத்தவரை அந்த ஊர்ச் சிறுமிகள் லீக் மேட்ச்களில் பார்த்தே வளர்ந்தார்கள். (அந்தக் கோப்பையிலும் ஆரம்பச் சுற்றுகளை ஒரே ஊரில் குட்டி டோர்னமென்டாக நடத்தினார்கள். பணமில்லாத காலம். வளர வளர அதைக் குறைத்துக்கொண்டார்கள்.)

சேதுவுக்கு வருவோம். 2019 மே 5 முதல் 22 வரை, 12 அணிகள், எல்லா ஆட்டமும் பஞ்சாபில் லூதியானாவின் குரு நானக் மைதானத்தில். மே மாத வடஇந்திய வெயிலில் பதினெட்டு நாளுக்குள் ஏழு ஆட்டம் ஆடியவருக்குக் கோப்பை. இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று சேது வென்றது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, பஞ்சாபின் மனிஷா கல்யாண், கடலூரின் இந்துமதி கதிரேசன் எல்லாரும் இருந்த அணி அது. இந்தியத் துணைக்கண்டத்தில் அன்று ஒரு கிளப் திரட்டியிருக்கக்கூடிய அருமையான அணிகளில் ஒன்று என்று சொன்னால் மிகையில்லை. காரியாபட்டியில் அவர்கள் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. விருதுநகரில் ஆடவில்லை, சிவகாசியில் ஆடவில்லை. செய்திகளில் ‘மதுரை அணி’ என்று போட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இது பழகிப்போன விஷயம்.

அந்த வருஷத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தது. தீபாவளி முடிந்ததோடு சிவகாசி வட்டாரத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலி இல்லாத வீடுகளில் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்படியொரு பஞ்ச காலத்தின் வாலில் இந்த மாவட்டத்துக்கு இந்தியாவின் சாம்பியன் என்ற பட்டம் வந்தது. நாளிதழில் ஒரு நாள் இடம் பிடித்தது. அதைப் பார்க்க டிக்கெட் எடுக்கவோ, மதில் மேல் ஏறவோ, விசில் அடிக்கவோ யாருக்கும் வழியில்லை. லூதியானா கோப்பையை விருதுநகர் மாவட்டத்தின் வெற்றி என்று மேடையில் பேசுகிறவர்கள் மாவட்டத்தை நையாண்டி செய்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான். ஒற்றை ஊர் நாக்-அவுட், கிளப் என்ற அமைப்பை மூன்று வார ஒப்பந்தமாகச் சுருக்கிவிடுகிறது. சிவகாசியில் ஒரு நாள் தீபாவளிக்காக ஏறத்தாழ வருஷம் முழுக்க மருந்து கலக்கிறார்கள், திரி வைக்கிறார்கள், பெட்டி ஒட்டுகிறார்கள். நம் பெண்கள் கால்பந்தில் அந்த ஒரு நாள் மட்டும் இருந்தது, வருஷம் இல்லை. ஏழு ஆட்டத்துக்கு வீராங்கனைகளைத் திரட்டிக்கொண்டு போகிற கிளப்புக்கு வருஷச் சம்பளம் கொடுக்க என்ன காரணம் இருக்கிறது? பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அகாடமி வைக்க என்ன அவசரம்? மேட்ச் நாள் இல்லாத மைதானத்தில் புல் வளர்ப்பதற்கு எந்த நிர்வாகி கையெழுத்துப் போடுவார்?

அடுத்த பருவம் பதில் சொன்னது. சபித்ராவும் மனிஷாவும் கோகுலம் கேரளாவுக்குப் போனார்கள். 2020 பிப்ரவரியில் பெங்களூரில், இதே முறையில் நடந்த போட்டியின் இறுதியில் கிரிப்ஸா அணியை 3-2 என்று வீழ்த்திய வெற்றி கோல் சபித்ராவுடையது. லீக்கிலும்தான் ஆள் மாறுகிறார்கள் என்று மறுத்துச் சொல்வார்கள். மாறட்டும். போகிறவரைப் பார்த்து ஏங்க, வருகிறவரைச் சந்தேகிக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும். சபித்ரா 2024இல் பிரான்சின் கேங்காம் கிளப்பில் சேர்ந்தார். ஏழாயிரம் பேர் வாழும் ஊர். காரியாபட்டி அதைவிடப் பெரியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த வட்டாரத்துக்காரர்கள் அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தார்கள். மனிஷா 2022இல் சைப்ரஸின் அப்பல்லோன் அணிக்காகக் களமிறங்கி, ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அவரது பழைய அணி என்று சேதுவின் பெயரை இன்றைக்கு இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் சொல்வார்கள்?

இது சேதுவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழகப் பெண்கள் தேசிய சாம்பியனானது 2018இல் கட்டாக்கில், மறுபடியும் 2023இல் அமிர்தசரஸில். மாநிலங்களுக்கு இடையிலான போட்டியை ஒரே ஊரில் வைப்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். கிளப்புக்கு ஊர்தானே முதல்?

கோவில்பட்டியைப் பாருங்கள் என்று இந்த இடத்தில் ஒரு பதில் வரும். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியும் ஒரே மைதானத்தில் நடந்து நாக்-அவுட்டில் முடிவதுதானே? ஆம். ஆனால் அது கோவில்பட்டியில் நடக்கிறது. திரும்பத் திரும்ப அதே ஊரில், தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து வருகிறவர்கள் பார்க்கிற மைதானத்தில். அந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். ஹாக்கி அங்கே தினமும் கண்ணில் படுகிற விஷயம் என்பதற்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்வார்? என் எதிர்த்தரப்பு கொண்டுவரும் உதாரணங்களிலேயே எனக்கு அதிகம் உதவுவது இதுதான்.

2022இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்கள் லீக்கில் அரையிறுதி, இறுதியை எடுத்துவிட்டு லீக்காகவே நடத்திப் பார்த்தது. சேதுவும் கோகுலமும் தோல்வியே இல்லாமல் கடைசி ஆட்டம் வரை வந்தன. மே 26 அன்று சேது முதல் கோலை அடித்தும் 1-3 என்று தோற்றது. அட்டவணையே இறுதிப் போட்டியாக மாறிய அபூர்வமான மாலை. அதையும் புவனேஸ்வரில் வைத்தார்கள். அப்படியானால் கோளாறு இடத்தில்தானே, நாக்-அவுட்டில் இல்லையே என்று கேட்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் 2023இல் அகமதாபாத்தில் மறுபடியும் குரூப், நாக்-அவுட் என்று திரும்பிப் போனார்களே? கொஞ்ச நாளில், ஒரே இடத்தில், ஒரு சாம்பியனை அறிவித்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. 2023-24இல்தான், ஏழு அணிகளுடன், சொந்த ஊரில் ஒன்று எதிரணி ஊரில் ஒன்று என்ற முறை வந்தது. அணிக்கு 12 ஆட்டம். போட்டி தொடங்கி ஏழாவது வருஷம்.

மிச்சமிருப்பது செலவுக் கணக்கு. ஏழெட்டு அணிகளை ஊர் ஊராக அனுப்பப் பணம் இல்லை என்பார்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து காரியாபட்டிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நான்குவழிச் சாலை இருக்கிறது, கல்லூரி விடுதி இருக்கிறது. ஓர் அணி வந்து இரண்டு இரவு தங்கி ஆடிவிட்டுப் போகிற செலவையும், மொத்த அணியையும் லூதியானாவில் மூன்று வாரம் தங்கவைத்த செலவையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் நல்லது. கோப்பை வேண்டாம் என்பதில்லை. லீக் முடிந்ததும் ஒன்று வையுங்கள், இரண்டு ஆட்ட முறையில், முதல் சுற்றிலேயே வெளியேறும் அணிக்கும் ஒரு ஆட்டம் அதன் ஊரில் கிடைக்கும்படி. கூடுதலாக ஆகும் பஸ் வாடகைக்கு நன்கொடை கேட்டுச் சிவகாசியில் எந்தக் கடை வாசலில் நின்றாலும், மேட்ச் எங்கே, எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பார்கள்.