சட்டைதான் ஜெயித்தது

"பிடிச்சதைச் செய், காசு தானா வரும்" என்று பேசுகிறவர்கள் தவறாமல் சிபாரிசு செய்யும் புத்தகம், பட்டகோனியா கம்பெனியை ஆரம்பித்த இவான் ஷுயினார்ட் எழுதிய 'லெட் மை பீப்பிள் கோ சர்ஃபிங்' (2005). அதில் இருக்கிற கதை என்னவோ இவர்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

முதல் பகுதி அருமை. பாறையேறும் பித்துப் பிடித்த பையன், 1957-இல் பழைய இரும்புக் கடையில் கரி உலை ஒன்றை வாங்கித் தானே கொல்லுவேலை பழகுகிறான். அறுவடை இயந்திரத்தின் பழைய கத்தியைக் காய்ச்சி அடித்து, பாறை வெடிப்பில் இறக்கும் முளைகள் செய்கிறான். மணிக்கு 2 முளை, ஒன்று 1.50 டாலர். ஐரோப்பிய முளைகள் மெத்து இரும்பு. அடித்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகணும். இவனுடையதைப் பிடுங்கித் திரும்பவும் அடிக்கலாம். 1970-க்குள் அமெரிக்காவிலேயே பெரிய பாறையேற்றச் சாமான் கம்பெனி இவருடையது. லாபம் மட்டும் சொற்பம். போதாக்குறைக்கு, அடிச்சுப் பிடுங்கிப் பாறையே சிதைகிறது என்று தெரிந்ததும் 1972 கேட்லாக்கில் முளையை விடுங்க, அலுமினியக் கட்டையைச் செருகுங்க என்று தன் சரக்குக்கு எதிராகத் தானே எழுதுகிறார். இந்தப் பக்கங்களுக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

காசு வந்த வழி வேற. 1970-இல் ஸ்காட்லாந்து போனவர் ஒரு ரக்பி சட்டை வாங்கி வருகிறார். காலர் தடியாக இருந்ததால் சாமான் தொங்கும் பட்டை கழுத்தை அறுக்கவில்லை. பார்த்தவங்க எல்லாம் எனக்கும் ஒண்ணு என்றார்கள். சட்டை வியாபாரத்துக்கு 1973-இல் பட்டகோனியா என்று பெயர் வந்தது. அதைப் போட்டுக்கொள்ளப் பாறை ஏறத் தெரிய வேண்டியதில்லை.

பட்டறையில் பிறந்த சாமான் கம்பெனி என்ன ஆச்சு? வரிசையாக வழக்கு. போட்டவர்கள் ஜன்னல் துடைப்பவர், பிளம்பர், ஏறுகயிற்றில் கயிறிழுக்கும் போட்டி நடத்திக் கணுக்காலை ஒடித்துக்கொண்டவர். இவர்களில் ஒருத்தர்கூட பாறையேறி இல்லை! 1989-இல் திவால் பாதுகாப்பு கேட்டு, கடைசியில் ஊழியர்களிடமே கைமாறி 'பிளாக் டைமண்ட்' ஆனது. பொழுதுபோக்கு வியாபாரமாவதைப் பற்றிய புத்தகத்தில் இதுதான் நடு முடிச்சு. ஷுயினார்ட் விறுவிறுவென்று தாண்டிப் போய்விடுகிறார். 1991-இல் 120 பேரை, ஐந்தில் ஒருவரை, ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியதையும், அதில் பலர் நண்பர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார், அது பெரிய விஷயம். ஆனால் பிடித்ததைச் செய்த அந்தப் பையன் முளையோடு நின்றிருந்தால் இந்தப் புத்தகமே இருந்திருக்காது என்பதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலையை விடலாமா என்று யோசிக்கிற யாராவது கேட்டால் முதல் பகுதியை மட்டும் கொடுப்பேன். பின்னால் வரும் 'தத்துவங்கள்', கம்பெனிக்குப் புதுசாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேடு மாதிரி இருக்கிறது.