முகம் ஒருவருடையது, சாவு இன்னொருவருடையது

இறந்தவர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் மறுப்புக் கடிதம் எழுத மாட்டார்கள். இந்தச் சௌகரியத்தை எழுத்தாளன் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறான் என்பதுதான் இங்கே எனக்குப் பிரச்னை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மனிதர்களின் வாழ்வையும் சாவையும் வைத்து உருவான இரண்டு புத்தகங்களை முன்னிட்டு இதைப் பேசலாம். ஒன்று, எட்கர் லீ மாஸ்டர்ஸின் 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' (1915). மற்றது, மைக்கேல் லெஸியின் 'விஸ்கான்ஸின் டெத் ட்ரிப்' (1973). இரண்டாவதை வெகுகாலம் தலையில் வைத்துக் கொண்டாடியவன் நான். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் மாஸ்டர்ஸ். 1868-ல் பிறந்தவர். இல்லினாய் மாநிலத்தில் பீட்டர்ஸ்பர்க், லூயிஸ்டவுன் என்ற இரு சிற்றூர்களில் வளர்ந்து, சிகாகோவில் வக்கீலாகத் தொழில் நடத்தியவர். லூயிஸ்டவுன் ஃபுல்டன் கவுண்டியின் தலைநகரம். கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குக் கீழ்ப்பட்ட நிர்வாகப் பிரிவு. கோர்ட்டும் ஜெயிலும் பத்திரப் பதிவும் அதன் தலைநகரில்தான் இருக்கும். சொத்தும் கடனும் குற்றமும் அங்கேதான் காகிதமாகும். மாஸ்டர்ஸின் தகப்பனாரும் வக்கீல். எனவே ஊரின் அந்தரங்கம் அவருக்குச் சிறுவயதிலேயே வழக்குக் கட்டுகளாக அறிமுகமாகியிருந்தது. ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் பத்திரிகை நடத்திய வில்லியம் மேரியன் ரீடி, பழைய கிரேக்கக் கல்லறைக் கவிதைகளின் தொகுப்பை அவர் பார்வைக்குக் கொண்டுவந்தார். 1914-ல் ரீடியின் பத்திரிகையிலேயே, வெப்ஸ்டர் ஃபோர்டு என்ற புனைபெயரில், அந்தக் கவிதைகள் வரத் தொடங்கின. குன்றின்மேல் இருக்கும் இடுகாட்டிலிருந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து ஆளுக்குச் சில வரிகள் பேசுகிறார்கள். யாப்பு இல்லை. பெரும்பாலும் அலங்காரமும் இல்லை.

இந்தப் புத்தகத்தின் பலம் அதன் முரண்பட்ட சாட்சியங்கள். பான்டியர் என்ற வக்கீல், மனைவி தன் உயிரையே உறிஞ்சிவிட்டதாகவும், தனியறையில் ஒரு நாயோடு வாழ்ந்து முடிந்ததாகவும் சொல்கிறான். அடுத்தாற்போல் மனைவி பேசுகிறாள். நுண்ணிய ரசனையுள்ள ஒருத்திக்கு விஸ்கி, வெங்காய வாடையைச் சகித்துக்கொண்டு கிடப்பது என்ன என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறாள். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கவிஞர் தீர்ப்பளிப்பதில்லை. வாசகன் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறான். 'மறுப்புக் கடிதம்' என்றேனே, அதை இறந்தவர்களுக்குள்ளேயே எழுத வைத்துவிட்டார் மாஸ்டர்ஸ்.

பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இத்தனை பேரும் சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள்போலவே பேசுகிறார்கள். ஒன்று குற்றம் சாட்டுகிறார்கள், இல்லையென்றால் ஒப்புக்கொள்கிறார்கள். சும்மா வாழ்ந்து சும்மா செத்தவர்களுக்கு அங்கே அதிக இடமில்லை. ஒரு வக்கீலின் காதுக்கு விழுந்த ஊர் அது. நிஜத்தில் ஸ்பூன் ரிவர் என்பது அந்தக் கவுண்டியில் ஓடும் ஆற்றின் பெயர்; கவிதையில்தான் அது ஊர். ஒருவருடைய முதல் பெயரை இன்னொருவருடைய குடும்பப் பெயரோடு ஒட்டி மனிதர்களை உண்டாக்கினார். ஆனாலும் லூயிஸ்டவுன் மக்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். பல பத்து வருஷங்கள் அந்த ஊர்ப் பள்ளியிலும் நூலகத்திலும் அந்தப் புத்தகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இந்தக் கோபத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ள ஆள் இருந்தது என்பதே, எழுதியவன் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதற்கு அத்தாட்சி.

மாஸ்டர்ஸுக்கு இது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். அவருடைய இடுகாட்டில் மூன்று தொழில்காரர்கள் இருக்கிறார்கள். கல்லறைக் கல் கொத்துபவன் ஒருவன்: ஊருக்குப் புதிதாக வந்தபோது சொன்ன வாசகத்தை நம்பிக் கொத்தியவன், ஊரைத் தெரிந்துகொண்ட பிறகு பொய் என்று அறிந்தே கூலிக்குக் கொத்துகிறான், அந்தப் பொய்க்குத் தானும் உடந்தை என்று ஒப்புக்கொள்கிறான். பத்திரிகை ஆசிரியர் ஒருவர்: உண்மையைத் திரித்து ஊரை ஆண்டவர், ஊர்ச் சாக்கடை வந்து சேரும் ஆற்றோரத்தில் கிடக்கிறார். புகைப்படக்காரர் ஒருவர்: முதல் குடியேறிகளின் பழைய படங்களைப் பெரிதாக்கித் தரும்போது அவர்கள் கண்களுக்குள் என்ன இருந்தது என்று துருவிப் பார்க்கிறார். ஒரு கவுண்டியின் ஞாபகத்தைப் பாதுகாப்பவர்கள் இந்த மூவரும்தான். மூவருமே கூலிக்கு வேலை செய்தவர்கள்.

கல் கொத்துபவன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண் 1835-ல் இறந்தாள். லிங்கன் அவளைக் காதலித்தார் என்பது சரித்திர ஆசிரியர்கள் இன்றும் சண்டை போடும் கதை. மாஸ்டர்ஸ் அவளையும் பேசவைத்தார், காதல் கதையை நிச்சயமென்று வைத்துக்கொண்டு. இன்று பீட்டர்ஸ்பர்க் இடுகாட்டில் அவள் பெயருள்ள கல்லில் மாஸ்டர்ஸின் கவிதையே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1950-ல் இறந்த மாஸ்டர்ஸும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறார். கவிஞர் எழுதிக்கொடுத்த வசனம், நிஜமாகச் செத்த ஒருத்தியின் கடைசி வார்த்தையாகிவிட்டது. அந்தக் கல்லையும் யாரோ கூலிக்குத்தான் கொத்தியிருப்பார்கள்.

கற்பனை என்று அறிவித்துக்கொண்ட புத்தகத்துக்கே இது நேர்கிறது என்றால், ஆவணம் என்ற பெயரில் வரும் புத்தகத்துக்கு?

விஸ்கான்ஸின் மாநிலத்தில், ஜாக்ஸன் கவுண்டியின் தலைநகரம் பிளாக் ரிவர் ஃபால்ஸ். சார்லஸ் வான் ஷைக் அங்கே 1879 முதல் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், குழந்தை, குதிரை, கடை, சவப்பெட்டி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் படம் எடுத்தவர். அவர் விட்டுச்சென்ற கண்ணாடித் தகடுகள் லெஸியின் கணக்கில் 30,000. அவற்றில் தேர்ந்தெடுத்த பகுதி மாடிஸன் நகரத்திலுள்ள மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு வந்தது. லெஸி அதிலிருந்து சில படங்களை எடுத்தார். அவற்றோடு 1885-லிருந்து 1900 வரை உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்த சிறு செய்திகளையும், மென்டோட்டா மனநோய் விடுதியின் குறிப்புகளையும் அடுக்கினார். பாங்க் திவால், தீவைப்பு, தூக்கு, விஷம், குழந்தைச் சாவு. பக்க எண் கிடையாது. படங்களுக்குக் கீழே பெயர் கிடையாது. சில முகங்களைப் பெரிதாக்கினார். சிலவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரட்டிப்பாக்கினார். இது வரலாறும் ரசவாதமும் கலந்த சோதனை என்று அவரே சொல்லிவிடுகிறார்.

முதல் தடவை பார்த்தபோது ஸ்தம்பித்துப்போனேன். தூரத்திலிருந்து வளமும் நிம்மதியுமாகத் தெரிந்த பண்ணை நாட்டின் அடியில் இத்தனை இருட்டு இருந்ததா என்ற பிரமிப்பு. வெள்ளை உடுப்புப் போட்டுச் சவப்பெட்டியில் படுக்கவைத்த ஒரு கைக்குழந்தையின் படத்தை வைத்து நான் ஒரு கவிதைகூட எழுதினேன். அதில் அந்தக் குழந்தையின் தாய்க்குச் சித்தப்பிரமை பிடித்துவிடும். எதிர்ப்பக்கத்துச் செய்தியில் ஒரு தாய்க்கு அப்படி நேர்ந்திருந்தது. நான் சேர்த்துக்கொண்டேன்.

சேர்த்துக்கொண்டேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. படத்தில் இருப்பவருக்கும் செய்தியில் இருப்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவேண்டியதில்லை. செய்திகளில் பல அந்தக் கவுண்டியில் நடந்தவையே அல்ல. மாநிலத்தின் பிற ஊர்களிலிருந்து பொறுக்கிப் போட்டவை. ஆனால் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, கிணற்றில் விழுந்த ஒருத்தியைப் பற்றி வாசிக்கும் மனம் இரண்டையும் இணைக்காமல் இருக்காது. சிரிக்காமல் உட்காருவது அன்றைய ஸ்டூடியோ வழக்கம் என்பது மறந்துபோகிறது. முகம் ஒருவருடையது, சாவு இன்னொருவருடையது. தைத்தவர் லெஸி, நூல் வாசகனுடையது. கல் கொத்துபவனாவது செத்தவனுடைய சொந்தக் கல்லில்தான் பொய்யைக் கொத்தினான்.

குழந்தைகளின் சாவையே எடுத்துக்கொள்வோம். அந்த வருஷங்களில் டிப்தீரியா அங்கே வீடு வீடாகப் புகுந்தது. தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் நோய். குளிர்காலத்தில், அடைத்த வீட்டில், ஒரே படுக்கையில் தூங்கும் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவார்கள். 1890-ல்தான் இதற்கான எதிர்நஞ்சு ஆராய்ச்சி ஜெர்மனியில் வெளியாயிற்று. மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1894-க்குப் பிறகு. அதற்குமுன் ஒரு தாய் வாரத்துக்கு ஒன்றாகக் குழந்தைகளைப் புதைத்துவிட்டு எழுந்திருக்காமல் கிடந்தால் அதற்குப் பெயர் துக்கம். போதாததற்கு 1893-ல் தேசம் முழுக்க பாங்குகள் விழுந்தன. அங்கே பைன் காடுகளை வெட்டித் தீர்த்தாகிவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில் மனிதர்கள் உடைந்ததை ஒரு சமூகத்தின் மனநோயாகக் காட்டுகிறது புத்தகம். எனக்கு இப்போது அது அவசரப்பட்ட தீர்ப்பாகத் தெரிகிறது.

அந்தப் படத்தின் உபயோகத்தையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் குழந்தையை எடுத்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும். தகப்பன் காசு கொடுத்து புகைப்படக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பான். தாய் உடுப்பு மாற்றித் தலை வாரியிருப்பாள். வான் ஷைக் மறுநாளும் அதே தெருவில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர். வீட்டு அலமாரியில் அது ஒரு பிள்ளையின் முகம். புத்தகத்தில் அது ஒரு நோய்க்குறி. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை; பார்ப்பவனுக்கும் படத்துக்கும் நடுவே இருந்த கடமை கழன்றுவிட்டது.

எதிர்த்தரப்பு வாதம் எனக்குத் தெரியும். லெஸி இல்லாவிட்டால் அந்தத் தகடுகளைத் தேடி நான் போயிருக்கப் போவதில்லை. பெயர்ப் பட்டியல் இலக்கியமாகாது. உள்ளூர்ச் சரித்திரம் என்ற பெயரில் ஸ்தாபகர் தினத்துக்கு அச்சடிக்கும் புகழ்மாலைகளைவிட அவருடைய இருட்டு மேலானது. மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கங்களை அடுக்கியதில் அவர் காட்டிய லயம் ஒரு கலைஞனுடையதுதான். 1999-ல் ஜேம்ஸ் மார்ஷ் அதைப் படமாக எடுத்தபோது பிடித்துக்கொண்டதும் அந்த லயத்தைத்தான். என் பிரச்னை, அந்த லயத்துக்காக யாரிடமிருந்து எது எடுக்கப்பட்டது என்பது.

இதற்குப் பதில் வேறொரு புத்தகத்திலிருந்து கிடைத்தது. அதே ஊர், அதே ஸ்டூடியோ, அதே காமிரா. ஹோ-சங்க் மக்கள் விஸ்கான்ஸின் மண்ணின் பழங்குடிகள். 1830-களிலிருந்து 1874 வரை அரசாங்கம் அவர்களைத் திரும்பத் திரும்ப மேற்கே துரத்தியது. அவர்களில் பலர் திரும்பத் திரும்பத் தங்கள் மண்ணுக்கே வந்து சேர்ந்தார்கள். கடைசித் துரத்தலுக்கு ஐந்து வருஷம் கழித்து ஸ்டூடியோ திறந்த வான் ஷைக்கிடம் அவர்களும் வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களை 2011-ல் 'பீப்பிள் ஆஃப் தி பிக் வாய்ஸ்' என்ற தொகுப்பாக விஸ்கான்ஸின் வரலாற்றுச் சங்கமே வெளியிட்டது. ஹோ-சங்க் இனத்தவரான புகைப்படக் கலைஞர் டாம் ஜோன்ஸும் வரலாற்றாசிரியர் ஏமி லோன்ட்ரீயும் தொகுத்தவர்களில் இருக்கிறார்கள். அந்த இனத்தின் வம்சாவளி அறிந்தவர்களைக் கொண்டு, படத்தில் இருப்பவர் யார், அவருடைய சொந்த மொழிப் பெயர் என்ன, யாருக்கு என்ன உறவு என்று கண்டறிந்து போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் நாடகம் இல்லை. யாரும் குன்றின்மேல் நின்று வழக்குரைக்கவில்லை. ஆனால் பெயரை வாசித்துவிட்டு முகத்தைப் பார்க்கும்போது, அந்த முகத்தில் என் இஷ்டத்துக்கு ஒன்றை ஏற்ற முடியாமல் போவதை உணர்ந்தேன். அது அவளுடைய முகம். அவளுடைய பேத்தி அந்தப் பக்கத்தைத் திறந்து, இது தப்பு என்று சொல்ல முடியும். மாஸ்டர்ஸுக்கு லூயிஸ்டவுன் இருந்ததுபோல இந்தப் பக்கங்களுக்கும் கேள்வி கேட்க ஆள் உண்டு.

ஆகையால் பெயர் போட்டால் போதும், கற்பனை கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்டர்ஸ் கற்பனைதான் செய்தார். ஊர் வந்து சட்டையைப் பிடிக்கும் தூரத்தில் நின்று செய்தார். ஆன் ரட்லெட்ஜ் ஒருத்திதான் அந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தாள், அங்கேதான் அவர் சறுக்கினார். அந்நியருடைய சாவை எடுத்து எழுதும் ஒவ்வொருவனும் இந்தத் தூரத்தை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்துக்கும் செய்திக்கும் நடுவே தெரியாத இடம் ஒன்று இருக்கிறதென்றால் அதை வெற்றிடமாகவே விட்டுவைக்கும் தைரியம் வேண்டும். அந்த இடத்தை இட்டு நிரப்புவதைத்தான் இதுவரை திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் கவிதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தாயைப் பற்றிய வரிகளை அடித்தேன். பிறகு மிஞ்சியது: ஒரு பெட்டி, ஒரு வெள்ளை உடுப்பு, வாரிவிட்ட தலை. வாரியது யார் என்று எனக்குத் தெரியாது. அதைக் கவிதை என்று சொல்லமுடியுமா என்பதும் தெரியவில்லை. ஆனால் அதில் இருப்பதெல்லாம் அந்தக் குழந்தையுடையது.