படத்திற்கும் அறிவிப்பாளர் தொடர் வேண்டும்

1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு ரமண மகரிஷி மறைந்தபோது, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் இருந்தார். மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர் அவர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1948 ஜனவரி 30 அன்று, அவர் தில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்துப் படமெடுத்தார். விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் கோட்சேயின் துப்பாக்கி வெடித்தது. சுடப்பட்ட கணத்தின் படம் அவரிடம் இல்லை.

ரமணாசிரமப் பகுதியில் குடியிருப்பவன் என்பதால் அக்கலைஞரைப் பற்றிய பேச்சு என் காதில் விழுவதுண்டு. பேச்சு காந்தியடிகளின் கொலைக்குத் தாவினால், அவரை நோக்கிக் கோட்சே துப்பாக்கி நீட்டும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தவறாமல் நினைவுகூரப்படும். பலர் அதை மெய்யான படமென்றே நம்புகின்றனர். அது 1963இல் வெளிவந்த 'நைன் அவர்ஸ் டு ராமா' என்னும் திரைப்படக் காட்சி. அதில் கோட்சேயாக நிற்பவர் ஹோர்ஸ்ட் புக்ஹோல்ஸ் என்ற ஜெர்மானிய நடிகர். இல்லாத படத்தின் இடத்தை நாடகப் படம் நிரப்பிக்கொண்டது.

நம் மேடைகளும் இதற்கு விலக்கல்ல. கோட்சே தன் கையில் 'இஸ்மாயில்' என்று பச்சை குத்தியிருந்தான் என்ற செய்தியை எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! இதன் இஸ்னாத் எங்கே என்று கேட்டால் ஒரு மேடை இன்னொரு மேடையைக் காட்டுகிறதே தவிர, நேரில் கண்டவர் எவரையும் காட்டுவதில்லை. கொன்றவன் முஸ்லிம் என்ற வதந்தி அன்று மாலையே கிளம்பியதும், கொன்றவர் இந்துவே என வானொலி அறிவித்ததும் ஐயமற்ற வரலாறு. அந்த வரலாறே நம் அச்சத்தைச் சொல்லப் போதுமானது. அதற்கு வலுச் சேர்க்கத் தொடரற்ற செய்தியொன்றை ஏன் சுமக்க வேண்டும்?

இல்லாத படத்தை உண்டென நம்பும் மனம், இருக்கும் படத்தைப் பொய்யென்றும் சொல்லும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அங்கே படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு என்ற இளைஞரும் மாண்டார். அவருடைய கேமராவிலிருந்து பத்துப் படங்கள் கிடைத்தன. லதா கண்ணனுக்கும் அவர் மகள் கோகிலவாணிக்கும் இடையே சந்தன மாலையுடன் நிற்கும் தணு, வெள்ளைக் குர்தா அணிந்த சிவராசன், இறுதியாகக் குண்டு வெடித்த தீப்பிழம்பு ஆகியவை அவற்றில் பதிந்திருந்தன. வழக்கின் போக்கையே தீர்மானித்தவை இப்படங்கள்.

எடுத்தவர் இறந்திருக்கக் கேமரா மட்டும் பிழைத்தது எப்படி, படங்கள் பின்னர் புனையப்பட்டவை அல்லவா எனக் கேட்போர் உண்டு. கேள்வி தவறன்று, செய்தி வந்தால் தெளிந்துகொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. ஆனால் தெளிதல் என்பது வேறு, மறுத்தல் என்பது வேறு. வெடிகுண்டிலிருந்து சிதறும் எஃகு மணிகள் எல்லாப் பொருளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. மேலும் படத்தின் மத்னை வேறொரு தொடர் வழியே சோதிக்க இயலும். தணுவைத் தடுக்க முயன்று, படுகாயத்துடன் உயிர் தப்பிய காவல் உதவி ஆய்வாளர் அனுசுயா அப்பெண்ணைத் தம் கண்ணால் கண்டவர். ஹதீஸ் கலையில் இத்தகைய துணைச்சான்றை ஷாஹித் என்போம். மறுப்போர் இந்தச் சாட்சியத்தைத் தொடுவதே இல்லை.

அமெரிக்காவில் கென்னடி கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆஸ்வால்ட், துப்பாக்கியுடன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் படத்திற்கும் இதே கதிதான். முகத்து நிழலும் உடல் நிழலும் பொருந்தவில்லை, எனவே தலை ஒட்டப்பட்டது என்றனர். 1970களின் இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் நிபுணர்கள் படத்தின் துகளமைப்பையும், கேமரா விட்டுச்செல்லும் கீறல் தடங்களையும் ஆராய்ந்து அது மெய்யென்றனர். தானே எடுத்ததாக அவர் மனைவியும் சாட்சியமளித்திருந்தார். எடுத்தவர், கருவி, நெகட்டிவ் என்று தொடர் முழுமையாகக் கிடைத்தும் ஐயம் ஓயவில்லை.

ராஜீவ் கொலை வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன் பிற்காலத்தில் எழுதிய நூல்களில், அன்றைய நிகழ்ச்சியின் வீடியோப் பதிவு மத்திய உளவுத்துறையின் கைக்குப் போய் மறைக்கப்பட்டது எனக் குற்றஞ்சாட்டினார். இது பொருட்படுத்தத்தக்க குற்றச்சாட்டு. சொன்னவர் வழக்கின் உள்ளே இருந்தவர். எனினும் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அதாவது அந்த வீடியோ முன்கதிஃ. ஹரிபாபுவின் படங்கள் மவ்ளூஃ, அதாவது இட்டுக்கட்டப்பட்டவை, என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர்கள் கையில் அந்நூல்கள் பட்டபாடு இரங்கத்தக்கது.

உண்மையில் சிதைவு நேர்ந்த இடம் வேறு. பேரறிவாளன் 1991 ஜூனில், 19 வயதில் கைதானார். ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் மையம். அன்று நடப்பிலிருந்த தடா சட்டப்படி, காவல்துறை அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே சான்றாயிற்று. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன் 2013இல் வாய் திறந்தார். மின்கலங்கள் எதற்காக என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக அவர் தெரிவித்தார்.

ஹதீஸைச் சுருக்கி அறிவிப்பதை, இக்திஸாரை, இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு ஹிஜ்ரி 643) நிபந்தனையோடுதான் அனுமதிக்கிறார். விடப்படும் பகுதி, சொல்லப்படும் பகுதியின் பொருளோடு பிணைந்ததாக இருக்கலாகாது. இவ்வேறுபாட்டை அறிந்த ஆலிமே அதைச் செய்யலாம். வாங்கினேன் என்பதை எழுதி, எதற்கென்று அறியேன் என்பதை விட்டால், எஞ்சுவது சுருக்கமன்று, வேறொரு செய்தி.

ஐயப்பட்டோர் படங்களின் நிழலையும் ஒளியையும் அளந்துகொண்டிருந்த ஆண்டுகளில், இந்தத் தாள் எல்லா நீதிமன்றங்களையும் கடந்து போயிற்று. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 2014இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18 அன்று அதே நீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது 50.