தாய்லாந்து மொழிச் செவித்தேர்வுப் பட்டிகளில் தொனி

1948-இல் ஈகன் வெளியிட்ட ஆங்கிலப் பட்டிகள் ஒலியன்களின் வழக்கு விகிதத்தை அளவுகோலாகக் கொண்டன. தாய்லாந்து மொழிக்கு அவ்வளவுகோல் மட்டும் போதாது என்பது எம் கருத்து. அங்குக் குரலின் ஏற்ற இறக்கமாகிய தொனி ஐந்து; அவை பொருளையே வேறுபடுத்துவன. 'மா' என்னும் ஓரசைச் சொல் இடைத்தொனியில் வருதலையும், உயர்தொனியில் குதிரையையும், ஏறுதொனியில் நாயையும் குறிக்கும். நூல்வழக்கில் மட்டும் பயிலும் பாலி, வடமொழிச் சொற்களை விலக்குதல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தொனியறிவுக்குத் தாழ் அதிர்வெண்களே பெரும்பாலும் போதும். சகரம் போன்ற உரசொலிகட்கோ உயர் அதிர்வெண்கள் இன்றியமையாதன. ஆதலின் உயர் அதிர்வெண் கேளாதார், மெய்யைத் தவறவிட்டும், தொனியைப் பற்றிக்கொண்டு சொல்லை ஊகித்தல் கூடும். முழுச்சொல்லுக்கு ஒரே மதிப்பெண் வழங்கின் அக்குறை மறைந்துவிடும். மெய், உயிர், தொனி மூன்றனையும் தனித்தனியே மதிப்பிடுதலே முறை.